விற்ற பத்திரத்தைத் தேடுங்கள்

பழைய பத்திரம், பழைய உறவு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 1793-இல் கென்டக்கியில் ஜோசப் ஹாங்க்ஸ் என்ற விவசாயி எழுதிவைத்த உயிலைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். ஐந்து மகன்களுக்கும் ஆளுக்கொரு குதிரை, மூன்று மகள்களுக்கு ஆளுக்கொரு கிடாரிக் கன்று. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எலிசபெத்துக்கு ‘ஜென்டில்’, பாலிக்கு ‘லேடி’, நான்சிக்கு ‘பைடி’. பத்திரப் பதிவு அலுவலகங்களில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அத்தனை ஆண்டுகளில் கன்றுக்குட்டியின் பெயரைச் சொன்ன உயில் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. அதனால்தான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஆப்ரகாம் லிங்கன் குடும்பத்தைப் பற்றிக் கேட்கின்றன. இந்த இதழ் முழுவதையும் அந்தக் குடும்பத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

அம்மா, ‘பைடி’ என்ற கன்றைப் பெற்ற அந்த நான்சி ஹாங்க்ஸ்தானே லிங்கனின் தாயார்? அவர் பெயரும் நான்சி ஹாங்க்ஸ் என்றுதான் படித்திருக்கிறேன்.
(வாசகி, கும்பகோணம்)

இல்லை, மகளே. ஆனால் நீங்கள் நினைத்ததைப் போலவே ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் நினைத்தார்கள். 1899-இல் வெளிவந்த ஒரு சிறு நூல் இந்த உயிலைக் காட்டி, ‘இதோ லிங்கனின் தாய்’ என்று சொன்னது. ஊர் பொருந்தியது, காலம் பொருந்தியது, பெயரும் பொருந்தியது. இந்த நான்சியைத்தான் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன் மணந்தார் என்று காட்டும் காகிதம் ஒன்று வேண்டுமே, அது மட்டும் இல்லை.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு நான்சிகள் இருந்திருக்கிறார்கள். உயிலில் வருபவர் ஜோசப்பின் மகள். அவருடைய அக்காள் லூசி, உயிலில் பெயர் வராதவர். அந்த லூசியின் மகள் இன்னொரு நான்சி. லிங்கனைப் பெற்றவர் இந்த இரண்டாம் நான்சி. சித்திக்கும் அக்காள் மகளுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான் சிக்கல். 2015-இல் தாய்வழி மரபணுச் சோதனையும் லூசியின் மகள் என்பதையே உறுதி செய்தது.

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் நமக்கு இது புதிதல்ல. பெரியப்பா வீட்டில் ஒரு மீனாட்சி, சித்தப்பா வீட்டில் ஒரு மீனாட்சி என்று இருக்கும் குடும்பங்களின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், ‘இன்னார் மனைவி, இன்னார் மகள்’ என்று இரண்டு பக்கமும் கட்டி எழுதாவிட்டால் முப்பது ஆண்டு கழித்து வழக்கு வரும். லிங்கன் குடும்பம் முதலில் குடியேறிய மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரில் ஒரே நேரத்தில் நான்கு தாமஸ் லிங்கன்கள் வாழ்ந்தார்கள். ஊர்ப் பதிவேடு எழுதியவர் அவர்களைத் தொழிலைக் கொண்டு பிரித்தார்: பீப்பாய் செய்யும் தாமஸ், மாவு ஆலைத் தாமஸ், உழவர் தாமஸ், நெசவாளி தாமஸ். நம் ஊரில் ‘செக்கடி ராமசாமி’, ‘கடைக்கார ராமசாமி’ என்று சொல்வதில்லையா, அதே ஏற்பாடு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அந்த அடைமொழியை ஒருபோதும் கழற்றிவிடக் கூடாது. பெயரைவிட அது முக்கியம்.

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு, செப்பேடு உண்டு. லிங்கனின் தந்தையோ எழுதப் படிக்கத் தெரியாத தச்சர். அவருடைய முன்னோர்கள் எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
(வாசகர், ஈரோடு)

தம்பி, உங்கள் கேள்விக்கு நிறைய எழுத வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முதலில் லிங்கனுக்கே என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம். 1859 டிசம்பரில் அவர் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுத்தார். தாத்தா பெயரும் ஆப்ரகாம். வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) 1781 அல்லது 82-இல் கென்டக்கிக்கு வந்தவர். காட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அதற்கு முந்தியவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அதற்கு அப்பால் அவருக்குத் தெரியவில்லை. வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் இருக்கும் லிங்கன்களோடு சேர்த்துப் பார்க்கச் செய்த முயற்சியில், ஈனாக், லீவை, மார்டெக்காய், சாலமன், ஆப்ரகாம் என்று இரண்டு பக்கமும் ஒரே பெயர்கள் வருவதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் அவர் சரியான கதவைத்தான் தட்டினார். 1848-இல், காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது, ஹிங்ஹாமில் இருந்த சாலமன் லிங்கன் என்பவருக்கும் வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கன் என்பவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறார். இரு முனைகளும் கையில் இருந்தன. நடுவில் ஒரு கண்ணி இல்லை. அந்தக் கண்ணி நியூ ஜெர்சி. குடும்பத்தின் நினைவிலிருந்து அந்த ஊர் முழுவதுமாக மறைந்துபோயிருந்தது.

வரிசையைச் சொல்கிறேன். 1637-இல் இங்கிலாந்தின் யார்மத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களின் பட்டியலில், நாரிச் நகர நெசவாளி ஒருவரின் வேலையாளாகச் சாமுவேல் என்ற இளைஞன் இருக்கிறான். வயது 18 என்று எழுதியிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவோ 1622 என்கிறது. அப்படியானால் பையனுக்கு அப்போது பதினைந்துக்கு மேல் இராது. வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறான். சாமுவேலின் மகன் மார்டெக்காய், மாசசூசெட்ஸில் கொல்லர். அவருடைய மகனும் மார்டெக்காய். இந்த இரண்டாம் மார்டெக்காய்தான் நியூ ஜெர்சிக்குப் போய், அங்கே திருமணம் செய்து, பிறகு பென்சில்வேனியாவுக்கு நகர்ந்து, 1736-இல் காலமானார். அவர் மகன் ஜான், ‘வர்ஜீனியா ஜான்’ என்று குடும்பத்தில் பெயர் பெற்றவர், 1768-இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக்கரையில் 600 ஏக்கர் வாங்கினார். அவர் மகன் ஆப்ரகாம் கென்டக்கி போனார். அவர் மகன் தாமஸ், 1816-இல் இண்டியானாவுக்கும் 1830-இல் இல்லினாய்ஸுக்கும் போனார். இரு நூற்றாண்டில் ஏழு இடங்கள்.

நியூ ஜெர்சியைக் காட்டிக்கொடுத்தது எது? மார்டெக்காய் பென்சில்வேனியாவில் எழுதிய உயில். மகன் ஜானுக்கு ‘ஜெர்சியில் உள்ள’ 300 ஏக்கர் நிலத்தை விட்டுச்செல்வதாக அதில் எழுதியிருக்கிறார். ஊரை விட்டு வந்து ஆண்டுகள் ஆகியும் நிலத்தை விடவில்லை. மனிதன் வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம், நிலத்தை ஏற்றிக்கொண்டு போக முடியாதே!

இன்னொரு சான்று இருக்கிறது. அதன் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. நியூ ஜெர்சியின் மான்மத் கவுண்டியில், பழைய இடுகாடு ஒன்றில் ஒரு சின்னக் கல். டெபோரா என்ற குழந்தையின் கல்லறை. வயது 3 ஆண்டு 4 மாதம், 1720 மே 15 என்று பொறித்திருக்கிறது. மார்டெக்காயின் மகள். குடும்பம் மேற்கே போய்விட்டது, குழந்தை அங்கேயே இருந்துவிட்டாள். குடும்பம் அங்கே வாழ்ந்தது என்பதற்கு முந்நூறு ஆண்டுகளாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். அந்தக் கல்லில் குடும்பப் பெயரின் எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் கடைசிப் பகுதியில் ஒலிக்காத ஓர் எழுத்து உண்டு. கல் செதுக்கியவர் அதை விட்டுவிட்டு, காதில் விழுந்தபடி, நாம் தமிழில் எழுதுவது போலவே ‘லிங்கன்’ என்று வெட்டியிருக்கிறார். கப்பல் பட்டியலில் அதே பெயர் ‘லிங்கார்ன்’. கென்டக்கி நில ஆவணத்தில் ‘லிங்க்ஹார்ன்’. எழுதியவர்கள் எல்லோரும் காதால் கேட்டு எழுதியவர்கள். ஒரே எழுத்துக்கோவையைப் பிடித்துக்கொண்டு தேடினால் இந்தக் குடும்பத்தில் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடுவோம்.

அவர்களுடைய பக்கத்துக் குடும்பமான பூன்களின் கதை இன்னும் எளிது. காட்டுவழி கண்ட டேனியல் பூனின் குடும்பம்தான். அவர்கள் குவேக்கர்கள். ஒரு குவேக்கர் ஊர் மாறினால், பழைய ஊர்ச் சபையிலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கிப் புதிய ஊர்ச் சபையில் கொடுக்க வேண்டும். டேனியலின் தாத்தா ஜார்ஜ் பூன் 1717-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்து பென்சில்வேனியாவின் குவினெட் சபையில் அப்படிச் சான்று கொடுத்தது பதிவாகியிருக்கிறது. லிங்கன்களும் பூன்களும் சம்பந்திகள்; வர்ஜீனியா ஜானின் தம்பி ஒருவர், அவரும் ஆப்ரகாம், டேனியலின் உறவுப் பெண் ஆன் பூனை மணந்தார். சபைக்கு வெளியே மணம் முடித்ததற்காக அந்தப் பெண்ணைச் சபை கண்டித்தது. கண்டித்ததால்தான் அந்தத் திருமணம் ஏட்டில் ஏறியது.

உங்கள் பதில்களில் ‘விட்டுப்போன ஊரில் தேடுங்கள்’ என்று அடிக்கடி சொல்கிறீர்கள். வந்து சேர்ந்த ஊரில்தானே நிலம், வீடு, வாரிசு எல்லாம் இருக்கும்?
(வாசகர், திருநெல்வேலி)

என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன், ஐயா. எங்கள் குடும்பம் திருவாரூர்ப் பக்கம் நான்கு தலைமுறையாக இருக்கிறது. அதற்கு முன் எங்கே என்று கேட்டால், ‘தெற்கே’ என்பார் என் தாத்தா. அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் நிலத்தின் மூலப்பத்திரத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். வாங்கியவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ‘மேற்படி கிராமத்தில் வசிக்கும்’ என்ற ஒரு வரி. ஒன்றும் தெரியவில்லை. பல ஆண்டு கழித்து, சிவகங்கைப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் பழைய ஒன்றாம் புத்தகத்தை, அதாவது நிலப் பத்திரங்களைப் பதியும் ஏட்டை, புரட்டும் வாய்ப்பு வந்தது. அங்கே என் தாத்தாவின் தகப்பனாரும் அவர் தம்பியும் சேர்ந்து எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம். ‘தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் வாங்கும் நிமித்தியமாகவும், எங்கள் தகப்பனார் காலத்துக் கடன் தீர்க்கும் நிமித்தியமாகவும்’ விற்பதாக எழுதியிருந்தது. என்ன காரணத்துக்காகக் கிளம்பினார்கள், யார் யார் கிளம்பினார்கள், எங்கே போனார்கள் எல்லாமே ஒரே வாக்கியத்தில்.

வாங்குகிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விற்கிறவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பங்காளிகளின் சம்மதம் வேண்டும், மனைவியின் சம்மதம் வேண்டும், கடன்காரர் வந்து நிற்பார். அதனால் விற்ற பத்திரத்தில் குடும்பமே வந்து நிற்கிறது.

லிங்கனின் தாத்தா ஆப்ரகாம் 1780-இல் வர்ஜீனியா நிலத்தை விற்றார். அந்த நாட்டுச் சட்டப்படி கணவனின் நிலத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் உரிமை உண்டு. அவள் விட்டுக்கொடுக்காமல் விற்பனை நிறைவேறாது. ஆகவே மனைவி பெர்ஷீபாவின் பெயரும் பத்திரத்தில் ஏறியது. பைபிளில் வரும் பத்சேபாள் என்ற பெயரைத்தான் எழுத்தர் அப்படி எழுதியிருக்கிறார். புறப்பட்டபோதுதான் அந்த அம்மாளின் பெயர் ஏட்டில் அழுத்தமாகப் பதிந்தது.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஊரைக் கண்டுபிடித்ததும் அந்த ஊர் அந்த ஆண்டில் எந்த ஆட்சி எல்லையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். மார்டெக்காய் வாழ்ந்த இடம் இன்று பெர்க்ஸ் கவுண்டி. ஆனால் பெர்க்ஸ் கவுண்டி பிறந்ததே 1752-இல். 1736-இல் எழுதிய உயில் எப்படி அங்கே இருக்கும்? அது பிலடெல்பியாவில் இருக்கிறது. லிங்கன் பிறந்த இடமும் அன்று ஹார்டின் கவுண்டி, 1843-க்குப் பிறகு லரூ கவுண்டி. என் ஊரைப் பாருங்கள்: நான் பிறந்தபோது தஞ்சாவூர் மாவட்டம், 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம், 1997-இல் திருவாரூர் மாவட்டம். நான் ஓரடிகூட நகரவில்லை, மூன்று மாவட்டங்களில் குடியிருந்துவிட்டேன். நாளைக்கு என் பேரப்பிள்ளைகள் ஏட்டைப் பார்த்தால் நான் இரண்டு முறை குடிபெயர்ந்தேன் என்று நினைக்கலாம்.

லிங்கனின் பெற்றோர் முறைப்படி திருமணம் செய்துகொள்ளாதவர்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். உண்மையா?
(வாசகி, சேலம்)

உண்மை இல்லை. அந்த வதந்தி எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள்.

தாமஸ் லிங்கன் இரண்டு முறை திருமணம் செய்தார். நான்சி இண்டியானாவில் 1818-இல் இறந்தார். நச்சுச் செடி தின்ற பசுவின் பாலால் வந்த நோய். அடுத்த ஆண்டு, 1819 டிசம்பரில், தாமஸ் ஹார்டின் கவுண்டியின் எலிசபெத்டவுனுக்குத் திரும்பிப் போய் சாரா என்ற கைம்பெண்ணை மணந்தார். அந்தத் திருமணப் பதிவு எலிசபெத்டவுன் நீதிமன்றத்தில் இருந்தது. முதல் திருமணமும் அங்கேதான் நடந்திருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காததால் நடக்கவே இல்லை என்று அரசியல் எதிரிகள் வாயில் மென்றார்கள். செத்துப்போன ஒரு பெண்ணின் மானத்தை, தவறான அலுவலகத்தில் தேடிய குற்றத்துக்காகப் பறித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

1878-இல் பக்கத்து வாஷிங்டன் கவுண்டியின் எழுத்தர் தம் அலுவலகப் பழைய கட்டுகளில் அதைக் கண்டெடுத்தார். 1806 ஜூன் 10 தேதியிட்ட திருமண உறுதிப் பத்திரம்; மணத்துக்குச் சட்டத் தடை இருந்தால் 50 பவுண்டு கட்டுவதாக எழுதிக் கொடுப்பது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 12-இல், ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் திருமணத்தை நடத்திவைத்ததாக அவர் கையால் எழுதிக் கொடுத்த பட்டியல். பத்திரத்தின் நகலை நான் பார்த்திருக்கிறேன். கீழே தாமஸின் கையெழுத்து. அப்பாவுக்குத் தம் பெயரைத் தட்டுத் தடுமாறி எழுதுவதற்கு மேல் தெரியாது என்று லிங்கன் எழுதியிருக்கிறார், ஆனால் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக முழுவதும் எழுதியிருக்கிறார் தாமஸ். பக்கத்தில் ரிச்சர்ட் பெர்ரி என்பவர் பெண்வீட்டுக்காக நின்று கையெழுத்திட்டு, ‘பாதுகாவலர்’ என்ற சொல்லை எழுத்துப் பிழையோடு சேர்த்திருக்கிறார். பெற்றவர் இல்லாத பெண்ணுக்கு யாரோ ஒருவர் வந்து நின்று, தம்மால் முடிந்த எழுத்தில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு சொல் எனக்கு மறப்பதில்லை.

லிங்கன் 1865-இல் இறந்துவிட்டார். தம் தாயின் திருமணப் பத்திரத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அது இருந்த அலுவலகம் அவர் பிறந்த கவுண்டிக்கு அடுத்ததுதான்.

ஒரே இடத்தில் நிலைத்து உழுதிருக்கக் கூடாதா? ஏன் இந்தக் குடும்பம் ஓடிக்கொண்டே இருந்தது?
(வாசகர், தருமபுரி)

புதிய நிலத்தின் மேல் ஆசை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாமஸை ஓட வைத்தது வில்லங்கம்.

தாமஸுக்கு எட்டு வயதில், 1786 மே மாதம், கண்ணெதிரே தகப்பன் பூர்வகுடியினரால் சுடப்பட்டு விழுந்தார். மூத்த அண்ணன் மார்டெக்காய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்து, தம்பியை நெருங்கியவனைச் சுட்டான். அதன்பின் சொத்து? கென்டக்கி அன்று வர்ஜீனியாவின் பகுதி. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே என்பது அங்கிருந்த பழைய சட்டம். அதை மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று 1785-இல் புதுச் சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள், ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1-இல். தகப்பன் ஏழெட்டு மாதம் கழித்து இறந்திருந்தால் தாமஸுக்குப் பங்கு கிடைத்திருக்கும். பங்கில்லாமல் கூலிக்கு அலைந்து வளர்ந்தார்.

அப்படி உழைத்துச் சேர்த்துத் தாமே மூன்று இடங்களில் பண்ணை வைத்தார். மூன்றிலும் தகராறு. 1803-இல் மில் ஓடைப் பண்ணையை 238 ஏக்கர் என்று நம்பி 118 பவுண்டுக்கு வாங்கினார். அளவையில் பிழை, 200 ஏக்கர்தான் இருந்தது. 1814-இல் 100 பவுண்டுக்கு விற்றார். விற்ற பத்திரத்தில் நான்சி கீறல் வைத்திருக்கிறார். லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை உரிமை வழக்கில் போனது. நாப் ஓடைப் பண்ணையிலிருந்து வெளியேறச் சொல்லி 1815-இல் வழக்கு வந்தது.

கென்டக்கியில் அரசு முன்கூட்டி அளந்து எல்லைக்கல் நடவில்லை. வாரண்ட் என்ற நில உரிமைச் சீட்டை வாங்கியவர் தாமே ஆள் வைத்து அளந்துகொள்ளலாம். செக்குபந்தி எப்படி எழுதினார்கள் தெரியுமா? ‘ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கே இத்தனை கோல், அங்கிருந்து இரட்டை பீச் மரம்வரை’ என்று. மரம் விழுந்தால் எல்லை விழுந்தது. ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் அளந்து, அதன் மேல் மூன்றாமவர் அளந்து, கூரை ஓடு அடுக்கியது போல உரிமைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அடிமைமுறை ஓரளவு காரணம், நில உரிமைச் சிக்கலே முக்கியக் காரணம் என்று குடும்பம் கென்டக்கியை விட்டதைப் பற்றி லிங்கனே 1860-இல் எழுதியிருக்கிறார்.

இண்டியானாவில் நிலைமை வேறு. 1785 நிலச் சட்டப்படி அங்கே ஆறு மைல் சதுரமான ‘டவுன்ஷிப்’களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 பிரிவாக்கி, பிரிவுக்கு 640 ஏக்கர் என்று வரைபடத்தில் கட்டம் போட்டுவிட்டுத்தான் விற்றார்கள். 1817 அக்டோபரில் தாமஸ் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய், ஏக்கர் 2 டாலர் விலையில் 160 ஏக்கருக்குப் பதிந்தார். அந்தப் பதிவை வாசித்தால் நம் புல எண்ணை வாசிப்பது போலவே இருக்கும்: தெற்கு நான்காம் டவுன்ஷிப், மேற்கு ஐந்தாம் ரேஞ்ச், 32-ஆம் பிரிவு, தென்மேற்குக் கால்பகுதி. அதில் மரமும் இல்லை, ஓடையும் இல்லை, வழக்கும் இல்லை. முழுப் பணமும் கட்ட முடியாமல் 1827-இல் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 80 ஏக்கருக்கு அரசுப் பட்டா வாங்கினார். மூன்று முறை நிலத்தை இழந்த மனிதரின் கையில் யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு காகிதம் வந்த நாளை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அமெரிக்க அரசின் நிலத்துறை இதுபோன்ற பழைய பட்டாக்களின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருக்கிறது. அங்கே குடியிருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் தெருவுக்கு முதல் பட்டா யாருக்குப் போனது என்று தேடிப் பார்க்கலாம்.

‘முன்னோடிக் குடும்பம்’ என்கிறார்கள். அதற்கு முன் அந்த நிலத்தில் யாருமே இல்லையா?
(கல்லூரி மாணவி, புதுச்சேரி)

கேட்டதற்கு நன்றி, கண்ணே. இருந்தார்கள். கென்டக்கி ஷானி முதலான பூர்வகுடி மக்களின் வேட்டைக்காடு. 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் இரோகுவாய் மக்கள் அதைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானிகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. என் துறையின் மொழியில் சொன்னால், அனுபோகத்தில் இருப்பவரின் கையெழுத்து இல்லாத கிரயம். அந்தக் கிரயத்தின் மேல்தான் அடுத்தடுத்த பத்திரங்கள் எல்லாம் நிற்கின்றன. தாமஸின் தகப்பனைக் கொன்ற குண்டும், அண்ணன் சுட்ட குண்டும் அந்தக் காகிதத்திலிருந்து புறப்பட்டவைதான். பத்திரம் ஒழுங்காக இருப்பதாலேயே நியாயமும் ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இண்டியானாவின் தெற்குப் பகுதியை 1804-இல் டெலவேர், பியாங்கிஷா மக்களிடமிருந்து ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தாமஸ் அங்கே கோடரியோடு வந்து இறங்கினார்.

இன்னொரு கூட்டமும் நடந்து வந்தது. வர்ஜீனியா லிங்கன்களில் சிலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். எஜமானர் ஊர் மாறினால் அவர்களும் மாற வேண்டும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் எஜமானர் பெயர் இருக்கும். அதன்கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் இருக்காது. 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் எல்லோருக்கும் பெயர் எழுதினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தேடும்போது 1870 என்ற சுவரில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் எஜமானரின் உயிலைத்தான் படிக்க வேண்டும். ஜோசப் ஹாங்க்ஸின் உயிலில் கன்றுக்குப் பெயர் சொன்னார் என்று மகிழ்ந்தேனே, அதே காலத்து வேறு உயில்களில் மாடு, குதிரை, கட்டில் வரிசையில் மனிதர்களின் பெயரும் வரும்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார், திரும்பவில்லை. லிங்கன் குடும்பத்தைத் தேடியது போல அவரைத் தேட முடியுமா?
(வாசகர், வேலூர்)

முடியும், ஐயா. உங்களுக்கு லிங்கனைவிட நல்ல ஏடு இருக்கிறது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் எழுதினார்கள். ஆளுக்கொரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாக இருக்கும். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். ‘முனுசாமி’யை நான்கைந்து விதமாக உச்சரித்துப் பாருங்கள். பெயரைவிடக் கிராமத்தையும் தகப்பன் பெயரையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள். தம்பியோ பங்காளியோ கூடப் போயிருந்தால் பட்டியலில் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள், ஆகவே ஒரு பெயரோடு நிறுத்தாமல் மேலே பத்து, கீழே பத்து வாசியுங்கள்.

கடைசிப் பத்தியில் உடல் அடையாளம் என்று ஒன்று இருக்கும். வலது முழங்காலில் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதுப் பெரியம்மா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டியலைத் தேடும் முன் அவரிடம் போய் உட்கார்ந்து, அந்த அண்ணனுக்குத் தழும்பு, மச்சம் ஏதாவது உண்டா, அவருடைய அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.